இறங்குகிற நாற்காலி

முழங்கையில் சீப்பால் தட்டியதை சலூன்காரரால் மன்னிக்கவே முடியவில்லை. வருஷக்கணக்காக அதை மனசுக்குள் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். தட்டியவன் வெளியாள் என்றால் அன்றைக்கே கணக்குத் தீர்த்திருப்பார். வாடிக்கையாளர் என்றால் பாதித் தலையோடு எழுப்பி அனுப்பியிருப்பார். அப்படி ஒருத்தரை அனுப்பியும் இருக்கிறார். ஆனால் தட்டியது மனைவியின் தம்பி. வயதில் சின்னவன், தொழிலுக்குப் பின்னால் வந்தவன், அவர் வீட்டு மாடி அறையில் படுத்து எழுகிறவன்.

யாரும் இல்லாத நேரத்தில் தட்டினால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பார். நாற்காலியில் ஆள் இருக்கும். பெஞ்சில் நாலு பேர் பேப்பரைப் பங்கு போட்டுப் படித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து நாற்காலியில் வேலை செய்துகொண்டிருக்கிறவன் ஒரு எட்டு நகர்ந்து வந்து, சீப்பின் வாலால் அவர் முழங்கை எலும்பில் 'டொக்' என்று ஒன்று வைப்பான்.

"தோள், மாமா."

அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விடுவான். பெஞ்சில் யாராவது பேப்பருக்குப் பின்னால் சிரிப்பார்கள். சலூன்காரருக்குக் காது சிவந்து, கத்தரிக்கோல் வேகமாக ஓடும்.

கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில், மருந்துக்கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே இரண்டே நாற்காலி. சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே நீள மார்பிள் பலகை. அதில் தண்ணீர் பீச்சுகிற குப்பி, பவுடர் டப்பா, படிகாரக் கட்டி, ஒரு பழைய ரேடியோ. வாசல் பக்கத்து நாற்காலி மைத்துனனுடையது, புதுசு. உள்பக்கத்து நாற்காலி சலூன்காரருடையது. இரும்பு உடம்பு, சிவப்பு ரெக்சின், கால் வைக்கிற இடத்தில் பூ வேலைப்பாடு, பக்கவாட்டில் மிதி. மூடப்போன ஒரு பெரிய கடையிலிருந்து அவர் வாலிபத்தில் வாங்கியது. ஏற்றிவர ஆள் கிடைக்காமல் தானே முதுகில் சுமந்துகொண்டு வந்தார். சொந்தம் என்று அவருக்கு முதலில் வந்து சேர்ந்தது அதுதான். மனைவி அப்புறம்தான் வந்தாள்.

அந்த நாற்காலிக்கு ஊரில் ஒரு பேர் உண்டு. தூக்கம் வருகிற நாற்காலி. உட்கார்ந்து போர்வையைக் கட்டி, நாலு தரம் கத்தரி சத்தம் கேட்டதும் ஆளுக்குக் கண் சொக்கும். வீட்டில் தூக்கம் வராதவர்கள்கூட அங்கே வந்து வாயைப் பிளந்து தூங்குவார்கள். "எல்லாம் கைவாகு" என்பார் சலூன்காரர். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மைத்துனன் வந்து சேர்ந்த கதை வேறு. முன்னே அவன் வேலை பார்த்தது ஏசி போட்ட ஒரு பெரிய கடையில். எல்லோருக்கும் கறுப்புச் சட்டை. உட்கார்ந்தால் மேனேஜர் முறைப்பான். இவன் நெட்டை, எந்த வாசலிலும் தலையைத் தாழ்த்தித்தான் நுழைய வேண்டும். நாற்காலியை ஏற்ற நேரமில்லாமல் நாளெல்லாம் குனிந்தே வெட்டினான். முதலில் கழுத்து பிடித்தது, அப்புறம் தோள். அப்புறம் கட்டைவிரலும் அடுத்த விரலும் மரத்துப்போய், ஒருநாள் கத்தரிக்கோல் தானாக நழுவி வாடிக்கையாளர் மடியில் விழுந்தது. அவர் எழுந்து போட்ட கூச்சலில் வேலை போயிற்று. பெட்டியைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். கேள்விக்குறி மாதிரி நின்றான் என்று அக்கா சொல்லுவாள்.

அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். அங்கே பிசியோதெரபி பார்க்கிற டாக்டரம்மா ஒருத்தர் இருந்தார். குரல் மட்டும் பெரிசு, ஆள் சின்னவர். மாத்திரையைவிட வேலை அதிகமாகக் கொடுப்பார். இவன் சொன்னபடி கேட்கிற பிள்ளை. காலையில் எழுந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்து, குதிகாலும் இடுப்பும் தோளும் சுவரைத் தொட, தாடையைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பான். கையைச் சுவரோடு ஒட்டி மேலே ஏற்றி இறக்குவான். கேள்விக்குறியாக வந்தவன் மெல்ல மெல்ல ஆச்சரியக்குறி ஆனான். விரலுக்கு உணர்ச்சி திரும்பியது. மாமா கடையில் வாசல் பக்கத்து நாற்காலியைப் போட்டுக்கொண்டான்.

அவன் வேலை செய்கிற விதமே தெருவுக்கு வேடிக்கை. ஆள் உட்கார்ந்ததும் மிதித்து மிதித்து நாற்காலியைத் தன் நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிடுவான்.

"டேய், மாடிக்கு ஏத்தறியா? இங்கேருந்து பார்த்தா என் வீடு தெரியுது" என்பார் மருந்துக்கடைக்காரர்.

"வீட்டுல அம்மா என்ன பண்றாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க, நான் அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்பான் இவன்.

தரையில் ஒரு சின்ன மரக்கட்டை வைத்திருப்பான். ஒரு காலை அதில் வைத்துக் கொஞ்சநேரம், மறு காலை வைத்துக் கொஞ்சநேரம். காதோரம் வெட்ட இடுப்பைத் திருப்ப மாட்டான். காலை எடுத்து வைத்து நாற்காலியைச் சுற்றி வருவான். முழங்கை விலாவை விட்டுப் போகாது. ஆள் இல்லாத நேரத்தில் கடைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்பான். "சுவர் விழாம முட்டுக் கொடுக்கறியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. ஒட்டடைக்கம்பு என்று பேர் வைத்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கோபமே வராது.

அவனுக்கு ஒரு சம்பந்தம் வந்து, பேச்சு முற்றியும் முறிந்துபோனது. பெண் வீட்டுக்காரர்கள் சொல்லியனுப்பிய காரணம், பையன் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பேசுகிறான், திமிர் பிடித்தவன். "வலி போகணும்னு நிமிர்ந்தேன், வாழ்க்கை போச்சு" என்று சொல்லி அவனே முதல் ஆளாகச் சிரித்தான். அக்காதான் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் நடக்கும்போது சலூன்காரர் உடம்பு ஒருபக்கம் கெட்டுக்கொண்டு வந்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் கட்டியவளுக்கா தெரியாது? கொடியில் கிடக்கிற துண்டை எடுக்க வலது கைக்குப் பதில் இடது கையை நீட்டினார். சட்டை மாட்டும்போது பல்லைக் கடித்தார். யாராவது பின்னால் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். அலமாரியை நகர்த்துகிற மாதிரி இருந்தது. தலையணை உறை முழுக்கத் தைல நாற்றம்.

"தம்பி, உன் மாமாவைக் கொஞ்சம் பாரேன். கேட்டா என்னைக் கடிக்கிறாரு" என்றாள் அவள்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் சீப்புத் தட்டு.

"நாற்காலியை ஏத்திட்டு வெட்டுங்க, மாமா. குனியறீங்க. குனிஞ்சா முழங்கை தன்னால விரியுது, கோழி இறக்கை மாதிரி. தோள் காதுகிட்ட போயிடுது."

"ஏத்திட்டுத்தானேடா ஆரம்பிச்சேன்! கண்ணு எங்க இருந்துச்சு உனக்கு?"

"இப்ப குனிஞ்சுதானே நிக்கறீங்க?"

"நீ நெட்டை. உனக்கு உலகமே குனிஞ்சுதான் தெரியும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆள் உட்கார்ந்ததும் மிதியை அழுத்தி நாற்காலியை ஏற்றிவிட்டுத்தான் போர்வையை உதறுவார். அது அவர் காலுக்கே பழக்கம். இவன் சொன்னதும் பொய்யில்லை. நடுவில் எப்போது திரும்பிப் பார்த்தாலும் மாமா வளைந்துதான் நின்றார். இரண்டு பேர் சொல்வதும் நிஜமாக இருந்தால் சண்டை எங்கே முடியும்? தட்டும் முறைப்புமாகப் போயிற்று.

அந்தத் தெருவில் ஒரு வாத்தியார் இருந்தார். வேலையை விட்டு ஓய்ந்தவர், முகச்சவரத்துக்குத் தவறாமல் வருகிறவர். ஒருநாள் காலை நுரை போட்டு, கன்னத்தை முடித்து, காதுக்குக் கீழே கத்தியை வைத்தார் சலூன்காரர். விரல் கத்தியைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கை அவருடையதாகவே இல்லை. வாத்தியார் "ஸ்" என்றார். காது மடலில் ஒரு சிவப்புக் கோடு. படிகாரத்தைத் தேய்த்தார், பஞ்சை வைத்தார். "பிளேடு சரியில்லைங்க சார், ஒரே கலப்படம்" என்றார்.

"பரவாயில்லப்பா, இன்னொண்ணு இருக்கு" என்று வாத்தியார் மற்ற காதைத் தொட்டுக் காட்டினார்.

பெஞ்சு சிரித்தது. மைத்துனன் சிரிக்கவில்லை. அவனுக்கு அந்த மரத்துப்போன விரலைத் தெரியும்.

அதற்கப்புறம் சலூன்காரர் கத்தியைத் தொடவில்லை. சவரத்துக்கு வந்தவர்களை "தம்பி பண்ணுவான், எனக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று தள்ளிவிட்டார். அவருக்குப் பயம் பிடித்துவிட்டது. இன்றைக்குக் கத்தி போயிற்று, நாளைக்குக் கத்தரியும் போகும், அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து மைத்துனன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டியதுதான். வேறு எந்த வேலையும் அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தை அவர் பார்த்ததே பாதிதான்.

பயம் வந்தால் மனுஷன் ரகசியமாகத் திருந்தப் பார்ப்பான். அவரும் பார்த்தார். நிமிர்ந்து நின்றால் சரியாகிவிடும் என்கிறானே, நிற்போம் என்று ஒருநாள் கடை திறந்ததிலிருந்து நெஞ்சைத் தள்ளி, தோளைப் பின்னால் இழுத்து, முழங்காலைப் பூட்டிக்கொண்டு கொடிமரம் மாதிரி நின்றார். தலை குனியக்கூடாது என்று கண்ணை மட்டும் கீழே இறக்கி வெட்டினார். ஒருத்தருக்கு ஒருபக்கம் ஏற்றமாகவும் மறுபக்கம் இறக்கமாகவும் போயிற்று. சாயங்காலம் வீட்டுப் படியில் கால் வைக்க முடியவில்லை. இடுப்பு பிடித்து, பலகை மாதிரி வந்து வாசலில் நின்றார்.

"யாருக்குங்க சல்யூட்டு?" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்குத்தான்! அவன் பேச்சைக் கேட்டுக் கழுத்தோட இருந்தது இடுப்புக்கும் வந்துடுச்சு. கூப்பிடு அவனை!"

மாடியிலிருந்து இறங்கி வந்தவன் அவரைச் சுற்றி ஒருதரம் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்புறம் எழுந்து வந்து, கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்தான். தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டான்.

"நேரா நிக்கறதுன்னா விறைச்சு நிக்கறது இல்ல மாமா. அதைச் சொல்லித்தராம நானும் சும்மா தட்டிக்கிட்டே இருந்துட்டேன். நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போலாம். உங்களுக்காக இல்ல, அக்காவுக்காக வாங்க."

அவர் முகத்தைச் சுளித்தார். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா அவரை நிற்கவைத்துப் பார்த்தார், கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலைக் கிள்ளி உணர்ச்சி பார்த்தார். கழுத்தில் நரம்பு நெருக்கப்படுகிறது, அதனால்தான் விரல் மரத்துப்போகிறது, இப்போதே பார்த்துக்கொண்டால் திரும்பும் என்றார். பிறகு மைத்துனனை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, சலூன்காரர் கையில் ஒரு பேனாவைக் கொடுத்தார். "கடையில எப்படி வெட்டுவீங்களோ அப்படியே வெட்டுங்க. நான் பார்க்கறேன்."

சலூன்காரர் பேனாவால் வெட்டினார். பின்னந்தலை, காதோரம், உச்சி. பழக்கதோஷத்தில் ஊதி முடியை வேறு தட்டிவிட்டார். டாக்டரம்மா சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்லாத்தானே நிக்கறீங்க! இப்படி வேலை செஞ்சா இவ்வளவு வலி வரக்கூடாதே."

சலூன்காரர் மைத்துனன் பக்கம் திரும்பினார். பேச்சே தேவையில்லை, முகத்தில் அவ்வளவு வெற்றி.

"சந்தோஷப்படாதீங்க. இங்க சரியா இருந்து அங்க வலிக்குதுன்னா, அங்க ஏதோ ஒண்ணு சரியில்ல. என்னன்னு கண்டுபிடிங்க" என்றார் டாக்டரம்மா. "இன்னொண்ணு. கொடிமரம் மாதிரி நின்னீங்களாமே? அது வேண்டாம். எவ்வளவு அழகா நின்னாலும் அசையாம நின்னா உடம்பு நோகும். மாத்தி மாத்தி நில்லுங்க. ஆள் மாறும்போது ரெண்டு எட்டு நடங்க."

திரும்பி வரும்போது மைத்துனன் எதையோ யோசித்துக்கொண்டு வந்தான். கடையைத் திறந்ததும் நேரே போய் மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எனக்கு முடி வெட்டுங்க."

சலூன்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருடைய இன்னொரு மனக்குறை அது. சொந்த மாமா கடை வைத்திருக்க, இவன் முடி வெட்டிக்கொள்ள அடுத்த தெருவுக்குப் போவான். அதையும் அவர் கேட்டதில்லை. இப்போது கேட்டார்.

"என்ன திடீர்னு? அடுத்த தெருக்காரன் கடையை மூடிட்டானா?"

"உங்களுக்கு ஒரு தலை குறையட்டுமேன்னுதான் அங்க போனேன் மாமா. வேற என்ன?"

சலூன்காரர் போர்வையை உதறினார். தேவைக்கு மேலேயே உதறினார். மிதியை அழுத்தி நாற்காலியை ஏற்றினார். வெட்ட ஆரம்பித்தார்.

மைத்துனன் கண்ணை மூடவில்லை. எதிர்க் கண்ணாடியில் தன்னையும் மாமாவையும் பார்த்துக்கொண்டே இருந்தான். நாற்காலி ஏறியபோது மார்பிள் பலகையில் இருந்த பவுடர் டப்பாவுக்கு மேலே அவன் கழுத்துவரை தெரிந்தது. பின்னந்தலை முடியும்போது டப்பாவின் மூடி தாடையைத் தொட்டது. காதோரம் வரும்போது வாயைக் காணோம். அவன் அசையவே இல்லை. அவன் தலைக்கு மேலே மாமாவின் தலையும், கூடவே, கூடவே, யாரோ கயிறு கட்டி இறக்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முதுகு வளைந்தது. முழங்கைகள் மெல்ல விரிந்தன.

"மாமா."

"தலையை ஆட்டாதே."

"நாம ரெண்டு பேரும் கீழே போயிட்டிருக்கோம்."

"என்ன உளர்றே?"

"அந்தப் பவுடர் டப்பாவைப் பாருங்க. என் வாய் எங்கே?"

சலூன்காரர் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார், நாற்காலியின் இரும்புத் தண்டைப் பார்த்தார். ஆள் உட்கார்ந்த பாரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ ஒவ்வொரு தலைக்கும் ஒரு சாண் இறங்கி, அவரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. ஏற்றிவிட்டோம் என்கிற நினைப்பு காலுக்கு இருந்தது. முடியைப் பார்க்கிற கண் முடியை மட்டும்தான் பார்த்தது. நாற்காலி போன இடத்துக்கெல்லாம் முதுகு போயிற்று.

அவர் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அப்போ அந்தத் தூக்கம்?" என்றார்.

மைத்துனனுக்குப் புரிந்தது. தொட்டில் மாதிரி மெல்ல இறங்குகிற நாற்காலியில் யாருக்குத்தான் தூக்கம் வராது? ஆனால் அதைச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"அது உங்க கைதான் மாமா. நாற்காலி என்ன, முக்காலியில உக்காந்தப்பகூட எனக்கு அங்க கண்ணைச் சொக்குச்சே. பேனாவுக்கே!"

பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் சலூன்காரருக்கு அது வேண்டியிருந்தது.

நாற்காலியைத் தூக்கிப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். சலூன்காரர் அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. மைத்துனன் போய் லாரி ஜாக்கி ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டி வந்தான். அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதுவும் ஜாக்கிதாங்க. லாரியைத் தூக்கறதுக்குப் பதிலா ஆளைத் தூக்குது. உள்ளே ரப்பர் சீல் தேஞ்சு எண்ணெய் கசியுது" என்றார். சீலை மாற்றி, கறுத்துப்போன எண்ணெயை வடித்துப் புதுசு ஊற்றினார். மைத்துனன் ஏறி உட்கார்ந்தான், குதித்துப் பார்த்தான். நாற்காலி இறங்கவில்லை.

நாற்காலி நின்றுவிட்டது. மாமா நிற்கவில்லை.

அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. இத்தனை வருஷம் கூடவே இறங்கிப் பழகிய முதுகு, நாற்காலி இறங்காவிட்டாலும் தன் பாட்டுக்கு இறங்கியது. பின்னந்தலை முடிகிற நேரத்துக்கு வளைந்தது, காதோரம் வருகிற நேரத்துக்கு முழங்கையை விரித்தது. உடம்புக்கு யார் போய்ச் சொல்வது, நாற்காலி சரியாகிவிட்டது என்று?

"தட்டிச் சொல்லு" என்றார் சலூன்காரர் ஒருநாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. "ஆனா என் மேல தட்டாதே. ஆளுங்க முன்னாடி மானம் போகுது."

"இத்தனை நாளா அதுவா உங்களுக்கு? சொல்லியிருக்கலாமே மாமா!"

"நீ கேட்டிருக்கலாமே மாப்ளே."

அன்றிலிருந்து சீப்பு மார்பிள் பலகையில் விழுந்தது. டிக். சீப்பிலிருந்து முடியை உதறுகிறான் என்று பெஞ்சு நினைத்துக்கொண்டது. டிக் கேட்டதும் சலூன்காரரின் தோள் இறங்கும், முழங்கை விலாவுக்குத் திரும்பும், கால் ஒரு எட்டு எடுத்துவைக்கும். மைத்துனன் தன்னுடையது மாதிரி இன்னொரு மரக்கட்டை இழைத்துக்கொண்டு வந்து அவர் நாற்காலிப் பக்கம் போட்டான். காலையில் இரண்டு பேரும் வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டிக் கையைத் தூக்கி நின்றார்கள். "போலீஸ் பிடிச்சு நிறுத்தி வச்ச மாதிரி இருக்கு. என்ன திருடினீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டுக்கொண்டே அவர்களுக்கு நடுவில் புகுந்து வீட்டைப் பெருக்குவாள் அக்கா. அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் ரொம்ப நாளாக இல்லாதது.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. போவதும் வருவதுமாக இருந்து, வருவது குறைந்தது. சூடான டீ கிளாஸைப் பிடித்தபோது ஒருநாள் கட்டைவிரல் சுட்டது. சலூன்காரர் அந்தக் கிளாஸைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

அப்புறம் ஒருநாள் வாத்தியார் சவரத்துக்கு வந்து, வழக்கம்போல வாசல் பக்கத்து நாற்காலிக்குப் போனார். மைத்துனன் வழியை மறித்து நின்றான்.

"எனக்குக் கை வலிக்குது சார். உள்ளே போங்க."

வாத்தியார் அவனைப் பார்த்தார், சலூன்காரரைப் பார்த்தார். இரண்டு காதையும் ஒருதரம் தொட்டுக்கொண்டார். "ரெண்டும் இருக்கு. போறப்பவும் இருக்கணும்" என்று சொல்லிச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சலூன்காரர் நாற்காலியை ஏற்றி, நுரை போட்டு, கத்தியை எடுத்தார். கடையில் ரேடியோவைத் தவிர யாரும் பேசவில்லை. காதுக்குக் கீழே வரும்போது 'டிக்' என்றது. தோளை இறக்கினார். கத்தி தண்ணீர் மாதிரிப் போயிற்று.

முடிந்து பார்த்தால் வாத்தியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் மைத்துனனைப் பார்த்தார். நாற்காலி இறங்கவில்லை. இரண்டு பேரும் பவுடர் டப்பாவைப் பார்த்தார்கள்; அது வாத்தியாரின் கழுத்துக்குக் கீழேதான் இருந்தது. மைத்துனன் சீப்பை வைத்துவிட்டுக் கடைக்கு வெளியே போய் நின்று, சத்தமில்லாமல் ரொம்பநேரம் சிரித்தான். அவன் சொன்ன பொய் நிஜமாகிவிட்டதே என்று சிரித்தானா, வேறெதற்காகவா, தெரியாது.

நல்ல வருஷங்கள் சில போயின. இரண்டு நாற்காலியும் ஓடின.

நேராக நிற்கத் தெரிந்த உடம்புக்குள்ளே வேறொன்று இருந்தது. படியேறினால் மைத்துனனுக்கு மூச்சு வாங்கியது. கால் வீங்கியது. இதயம் பெரிசாகிப் பலம் குறைந்துபோயிருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். "எல்லாருக்கும் இரக்கப்பட்டா இதயம் பெருத்துத்தான் போகும்" என்றார் சலூன்காரர், கோபமாக, டாக்டர் மேல் கோபம் மாதிரி. மாடி அறையைக் காலி செய்து கீழே முன்னறையில் கட்டிலைப் போட்டார்கள். படுத்தால் மூச்சு முட்டியது. சாய்ந்துதான் உட்கார முடிந்தது. அக்கா முதுகுக்குத் தலையணை வைப்பாள். அவன் அதைக் கொஞ்சம் கீழே இழுத்து, இடுப்புக்குச் சரியாக வைத்துக்கொள்வான். அந்த நிலையிலும்.

கடையில் வாசல் பக்கத்து நாற்காலிக்குச் சலூன்காரர் துணி போட்டு மூடினார். வேறு ஆள் போடவில்லை. மார்பிள் பலகையில் சத்தம் இல்லை. சில நேரம் தன் முதுகு வளைவது தனக்கே தெரிந்து, அவரே சீப்பை எடுத்துத் தட்டிக்கொள்வார். பெஞ்சில் இருந்தவர்களுக்கு இப்போதுதான் அது என்ன சத்தம் என்று புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்போகிற அன்றைக்குக் காலையில் மைத்துனன் சொன்னான்: "இந்தத் தாடியோட நான் வரமாட்டேன். கடைக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இங்கேயே பண்ணிடறேன்டா."

"கட்டில்ல பண்ணினா நீங்க குனியணும்."

வாடகைக் காரில் கூட்டிப்போனார். இறக்கித் தூக்கிச் சிவப்பு நாற்காலியில் உட்காரவைத்தபோது கையில் பாரமே இல்லை. எப்போதும் சவரத்தைத் தானே செய்துகொள்கிறவன். மாமா கையால் இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு மூக்கில் குழாய் வைத்துவிட்டார்கள், பேச்சு நின்றுவிட்டது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டே அவன் போய்ச் சேர்ந்தான். அதனால் அவன் வாய்விட்டு அவரிடம் கடைசியாகக் கேட்டது என்று சொன்னால், அது அந்தக் காலையில், அந்த நாற்காலியில் கேட்டதுதான்.

சலூன்காரர் வெந்நீரில் துண்டை நனைத்து முகத்தில் ஒற்றினார். நுரை போட்டார். கன்னம் உள்ளே போய், எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தோலை இழுத்துப் பிடித்து, எலும்பு மேலே கத்தி பட்டுவிடக்கூடாதே என்று முகத்துக்கு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரைத்தார். கண்ணில் தண்ணீர் வேறு மறைத்தது. நாற்காலி இறங்கவில்லை, அவர்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

கைப்பிடி இரும்பில் நகம் தட்டுகிற சத்தம் கேட்டது. டிக்.

அவர் நிறுத்தினார்.

"வெட்டிடுச்சா மாப்ளே?"

அவன் கண்ணைத் திறக்கவில்லை. பாதி முகம் நுரையும் பாதி முகம் வழவழப்புமாக, மூச்சுக்கு நடுவே இடம் தேடித் தேடிச் சொன்னான்.

"இல்ல மாமா. நாற்காலியை இன்னும் கொஞ்சம் ஏத்திக்குங்க."